அமெரிக்க அதிபரும் அவருடைய அமைச்சர்களும்: ஆள் தேடுவதிலிருந்து வேலை வாங்குவது வரை

#1 சித்திரைவெயில்

2024 நவம்பர் 13 அன்று மேட் கெய்ட்ஸை அட்டர்னி ஜெனரலாக, அதாவது நீதித் துறை அமைச்சராக, அறிவித்தார் டிரம்ப். 21ஆம் தேதி அவர் விலகிவிட்டார். நாடாளுமன்ற மேலவையான செனட்டில் விசாரணையும் இல்லை, ஓட்டும் இல்லை. இன்னொரு பக்கம், பைடன் ஆட்சியில் ஜூலி சூ 2023 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை தொழிலாளர் துறையை நடத்தினார். அமைச்சர் பதவிக்கு அவருக்குச் செனட் ஒப்புதல் கிடைக்கவே இல்லை. ஒருவர் எட்டு நாளில் வெளியே, இன்னொருவர் ஏறக்குறைய இரண்டு வருடம் உள்ளே.

ஆளை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதையெல்லாம் சோதிக்கிறார்கள், எந்த இடத்தில் கவிழ்கிறது, பதவியேற்ற பிறகு அதிபருக்கும் அமைச்சருக்கும் இடையில் வேலை எப்படி நகர்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தலைப்புச் செய்தி அளவில் வேண்டாம், உள்ளே இருக்கும் நடைமுறை வேண்டும்.

#2 கோட்டைமதில்

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்தில் அமைச்சரவை என்று ஓர் அமைப்பு கிடையாது. இரண்டாவது பிரிவு இரண்டு விஷயம்தான் சொல்கிறது. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம். உயர் அதிகாரிகளைச் செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிக்கலாம். முதல் அதிபர் வாஷிங்டன் பதவியேற்றது 1789இல். தன் அமைச்சர்களான ஜெஃபர்சன், ஹாமில்டன், நாக்ஸ், ராண்டால்ஃப் நால்வரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியது 1791 நவம்பரில்தான். அதுவரை தனித்தனியாகவும் கடிதத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். அதாவது, கூட்டம் என்பது அதிபர் விரும்பினால் நடப்பது. கூட்டிய கூட்டத்தின் பெரும்பான்மை அவரைக் கட்டுப்படுத்தாது.

இப்போது 15 துறைகள். 2002 சட்டத்தால் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைதான் கடைசி. இதற்கு வெளியே பட்ஜெட் இயக்குநர், வர்த்தகப் பிரதிநிதி, ஐநா தூதர், சிஐஏ இயக்குநர் போன்றவர்களுக்கு அமைச்சரவை அந்தஸ்து கொடுப்பது அதிபருக்கு அதிபர் மாறும். அந்த அந்தஸ்தால் கிடைப்பது மேசையில் ஒரு நாற்காலி. சட்டப்படி அதிகாரம் எதுவும் கூடாது. 25ஆவது திருத்தத்தின் 4ஆம் பிரிவின்படி அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று துணை அதிபரோடு சேர்ந்து அறிவிக்கும் உரிமையும் துறைத் தலைவர்களுக்குத்தான். 15 பேரில் 8 பேர் வேண்டும். அந்தப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

நாடாளுமன்ற முறையில் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அந்தப் பதவியில் இருந்துகொண்டே அமைச்சராக முடியாது. முதல் பிரிவின் 6ஆம் உட்பிரிவு அதைத் தடுக்கிறது. செனட்டரை எடுத்தால் செனட்டில் ஓர் இடம் காலியாகும். பெரும்பான்மை ஒன்றிரண்டு இடங்களில் தொங்கும் காலத்தில், அந்த மாநில ஆளுநர் எந்தக் கட்சி, இடைக்கால செனட்டரை நியமிக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் பெயரே ஏறும்.

அதே உட்பிரிவில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. ஒரு பதவியின் சம்பளம் உயர்த்தப்பட்டபோது காங்கிரஸில் இருந்தவர், தான் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவிக்காலம் முடியும்வரை அந்தப் பதவிக்குப் போக முடியாது.

#3 நீலவானம்

அப்படியானால் ஹிலாரி கிளின்டன் 2009இல் எப்படி வெளியுறவு அமைச்சரானார்? அவருடைய செனட் பதவிக்காலம் முடியவில்லையே.

#4 கோட்டைமதில்

சம்பளத்தைப் பழைய அளவுக்கு இறக்கினார்கள். 1,91,300 டாலராக இருந்ததை 2007 ஜனவரி நிலவரமான 1,86,600க்குக் கொண்டுவர 2008 டிசம்பரில் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. இந்த வழிக்கு 1973இல் நிக்சன் அட்டர்னி ஜெனரலாக நியமித்த செனட்டர் வில்லியம் சாக்ஸ்பியின் பெயர் நிலைத்துவிட்டது. அவருக்காக 60,000 டாலர் 35,000 ஆனது. உயர்த்தியது உயர்த்தியதுதான், பிறகு இறக்கினாலும் தடை தீராது என்று வாதிடும் சட்ட அறிஞர்கள் உண்டு. எழுத்தை அப்படியே படித்தால் அவர்கள் பக்கம் வலு இருக்கிறது என்பது என் கருத்து.

#5 அடிக்குறிப்பு

சோதனைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் கவிழ்வது செனட் மேடையில் அல்ல, அதற்கு முந்தைய காகிதத்தில்.

தேர்தலுக்கு முன்பே வேட்பாளரின் மாற்றக் குழு வேலையை ஆரம்பித்துவிடும். 1963ஆம் ஆண்டின் அதிபர் மாற்றச் சட்டம் அலுவலகமும் பணமும் கொடுக்கிறது. அரசியல் நியமனங்கள் மொத்தம் சுமார் 4,000. அதில் ஏறக்குறைய 1,300க்குச் செனட் ஒப்புதல் தேவை. அமைச்சர் பதவி அந்தக் குவியலின் உச்சி மட்டுமே.

பெயர் வந்ததும் முதலில் வழக்கறிஞர் குழு பொதுவெளியில் கிடைப்பதை அலசும். வழக்குகள், பழைய பேச்சுகள், கட்டுரைகள், நிறுவனப் பொறுப்புகள் எல்லாம். அதன் பிறகு மூன்று பெரிய காகிதக் கட்டுகள்.

ஒன்று, எஸ்எஃப்-86. எஃப்பிஐ பின்னணி விசாரணைக்கானது. அச்சிட்டால் நூறு பக்கத்துக்கு மேல் வரும். குடியிருந்த இடம், வேலை, வெளிநாட்டுத் தொடர்பு, வெளிநாட்டுப் பயணம், கடன், போதைப்பொருள், வழக்கு எல்லாம் கேட்பார்கள். தெரிந்தே பொய் எழுதினால் அதுவே குற்றம். சாதாரணத் தவறைவிட அதை மறைத்ததுதான் ஆளை அதிகமாகக் காவு வாங்குகிறது.

இரண்டு, ஓஜிஇ 278இ என்ற சொத்து அறிக்கை. தன்னுடையது, துணையுடையது, சார்ந்திருக்கும் பிள்ளைகளுடையது. தொகைகளைச் சரியான எண்ணாக இல்லாமல் வரம்புகளாகக் காட்டுவார்கள். இதை அரசு நெறிமுறை அலுவலகம் பார்த்து, துறையின் வேலையோடு மோதும் பங்குகளைக் குறித்துக் கொடுக்கும். பரிந்துரைக்கப்பட்டவர் நெறிமுறை ஒப்பந்தக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். எந்தப் பங்கை விற்பேன், எந்த விவகாரத்தில் தலையிட மாட்டேன் என்று அதில் இருக்கும். விற்பதற்கு வழக்கமாகப் பதவியேற்று 90 நாள் அவகாசம்.

இங்கே ஒரு வரிச்சலுகை உண்டு. மோதலைத் தவிர்க்கக் கட்டாயமாக விற்பவருக்கு விற்பனைச் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் மூலதன ஆதாய வரியை ஒத்திவைக்கலாம். கிடைத்த பணத்தை 60 நாளுக்குள் அரசுக் கடன் பத்திரத்திலோ பரவலான மியூச்சுவல் ஃபண்டிலோ போட வேண்டும். தள்ளுபடி அல்ல, ஒத்திவைப்பு மட்டுமே. சான்றிதழ் கைக்கு வருமுன் அவசரப்பட்டு விற்றுவிட்டால் சலுகை போய்விடும். 2006இல் ஹென்றி பால்சன் நிதியமைச்சராக வந்தபோது கோல்ட்மேன் சாக்ஸில் அவருக்கிருந்த சுமார் 50 கோடி டாலர் பங்குகளை இந்த வழியில்தான் விற்றார்.

மூன்று, செனட் குழுவின் சொந்தக் கேள்வித்தாள். குழுவுக்குக் குழு வேறு. நிதிக் குழு கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்டு, தன் ஊழியர்களை வைத்து வரி வரியாகப் பார்க்கும். நிதியமைச்சரும் சுகாதார அமைச்சரும் இந்தக் குழுவின் வழியாகத்தான் போக வேண்டும். 2009இல் சுகாதாரத் துறைக்கு வந்த டாம் டாஷல் சிக்கியது இந்த வழியில். நண்பர் ஒருவர் கொடுத்த காரையும் ஓட்டுநரையும் வருமானத்தில் காட்டவில்லை. வரியும் வட்டியுமாகச் சுமார் 1,40,000 டாலர் கட்டியும் பிப்ரவரி 3 அன்று விலகினார். அதே மாதிரி வரிச் சிக்கல் இருந்த டிமதி கைட்னருக்கு, சுமார் 34,000 டாலர் பாக்கி, அதற்கு ஒரு வாரம் முன்னால் 60க்கு 34 என்று ஒப்புதல் கிடைத்துவிட்டது. வங்கிகள் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் நிதியமைச்சர் நாற்காலியைக் காலியாக வைக்க செனட்டுக்குத் துணிவில்லை.

வீட்டுப் பணியாளருக்கான சமூகப் பாதுகாப்பு வரி 1993க்குப் பிறகு எல்லாக் கேள்வித்தாளிலும் ஏறிவிட்டது. அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் கிளின்டனின் முதல் தேர்வு ஸோயி பேர்ட் ஆவணமில்லாத தம்பதியை வேலைக்கு வைத்து வரியும் கட்டாததால் விலகினார். அடுத்து கிம்பா வுட். வரி கட்டியிருந்தார், அவர் ஆளை வைத்த காலத்தில் அது சட்டவிரோதமும் இல்லை. ஆனாலும் பேர்ட் விவகாரம் ஓயாததால் அவரும் போனார். ஜேனட் ரீனோ 98–0 என்று வந்தார். சட்டப்படி சுத்தமா என்பது ஒரு சோதனை. முந்தைய ஆள் விழுந்த குழியின் அருகில் நிற்கிறாரா என்பது இன்னொன்று. வழக்கறிஞர் குழுக்கள் இரண்டாவதில்தான் கோட்டை விடுகின்றன.

#6 மணல்மேடு

காகிதம் முக்கியம்தான். ஆனால் காகிதம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை ஏற்க முடியாது. 1989இல் பாதுகாப்பு அமைச்சராகப் பரிந்துரைக்கப்பட்ட ஜான் டவர் செனட்டின் சொந்த ஆள், ராணுவக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். குடிப்பழக்கம், ஆயுத நிறுவனங்களோடு தொடர்பு என்று புகார்கள் எழுந்தன. எஃப்பிஐ அறிக்கையை இரு கட்சியும் இரு விதமாகப் படித்தன. மார்ச் 9 அன்று 53–47 என்று தோற்றார். மறுநாளே புஷ் டிக் செனியை அறிவித்தார், ஒரு வாரத்தில் 92–0. எதிரணிப் பெரும்பான்மை செனட்டில் இருந்தது என்பதுதான் டவருக்கு நடந்ததன் பெரும்பகுதி.

#7 கோட்டைமதில்

மணல்மேடு சொல்வது சரி, கடைசியில் எண்ணிக்கைதான். ஆனால் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஓட்டெடுப்புக்கு வெகு முன்னரே முடிந்துவிடும். அமைச்சராகப் பரிந்துரைக்கப்பட்டு முழு செனட் ஓட்டில் தோற்றவர்கள் வரலாறு முழுக்க ஒன்பது பேர்தான். 1834இல் ரோஜர் டேனி முதல், டவர் கடைசி.

நடைமுறை இப்படி. அதிபராகத் தேர்வானவர் நவம்பர், டிசம்பரில் பெயரை அறிவிப்பார். அது வெறும் அறிவிப்பு. முறையான பரிந்துரை ஜனவரி 20 நண்பகலுக்குப் பிறகுதான் செனட்டுக்குப் போகும். குழுக்கள் காத்திருக்காமல் ஜனவரி தொடக்கத்திலேயே விசாரணை வைத்துவிடலாம். அதற்கு முன் செனட்டர்களைத் தனித்தனியாக அலுவலகத்தில் போய்ப் பார்ப்பது நடக்கும். விசாரணைக்குப் பிறகு எழுத்துமூலக் கேள்விகள், பல சமயம் நூற்றுக்கணக்கில். குழு ஓட்டு. சாதகமாகவோ பாதகமாகவோ பரிந்துரையின்றியோ அனுப்பலாம். பின்பு விவாதத்தை முடிக்கும் தீர்மானம் தாக்கலாகும். நடுவில் ஒரு நாள் விட்டு அதன்மீது ஓட்டு. அதன்பின் அதிகபட்சம் 30 மணி நேர விவாதம், இறுதி ஓட்டு.

2013 நவம்பர் வரை விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சக் ஹேகலைப் பாதுகாப்புத் துறைக்கு எடுத்தபோது எதிரணி முதல் முயற்சியில் தடுத்தே விட்டது. பிறகு 58–41இல் வந்தார். நவம்பரில் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் விதியை மாற்றினார், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றானது. 2019இல் கீழ்நிலைப் பதவிகளுக்கு 30 மணியை 2 மணியாகக் குறைத்தார்கள். அமைச்சர்களுக்கு 30 மணி அப்படியே இருக்கிறது. எதிரணி பிடிவாதமாக நின்றால் ஒரு வாரத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் தள்ள முடியாது. முதல் நாளிலேயே ஒப்புதல் பெற்ற அமைச்சர்கள் ஒபாமாவுக்கு 6, டிரம்புக்கு 2017இல் 2, பைடனுக்கு அமைச்சர் ஒருவரும் இல்லை, உளவுத்துறை இயக்குநர் ஒருவர் மட்டும். 2025இல் ரூபியோ ஒருவர், 99–0.

இனி கெய்ட்ஸ். குடியரசுக் கட்சிக்கு 53 இடம் வரவிருந்தது. மூன்று பேர் பிரிந்தால் 50–50, துணை அதிபர் ஓட்டில் தப்பலாம். நான்காவது ஆள் பிரிந்தால் முடிந்தது. பாதுகாப்புத் துறைக்கு வந்த ஹெக்செத் 2025 ஜனவரி 24 அன்று அந்த மூன்றோடு நின்றார்: மர்கோவ்ஸ்கி, காலின்ஸ், மக்கானெல். துணை அதிபர் வான்ஸ் ஓட்டில் வென்றார். அமைச்சருக்காகத் துணை அதிபர் ஓட்டுப் போட்டது அதற்கு முன் ஒரே முறை, 2017இல் பெட்ஸி டெவோஸுக்கு. கெய்ட்ஸை நான்கு பேராவது உறுதியாக எதிர்க்கிறார்கள் என்பது அறை அறையாகப் போய்ப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. முறையான பரிந்துரை போகும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே கதை முடிந்தது இதனால்தான்.

#8 பழையஏடு

ஆளை அதிபர் ஏன் எடுக்கிறார் என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. கட்சிக்குள் போட்டியிட்டவரை உள்ளே இழுத்துக் கட்டிப்போடுவது, ஒரு மாநிலத்துக்கோ சமூகத்துக்கோ இடம் கொடுப்பது, துறையின் வாடிக்கையாளர்களுக்கு ஏற்ற ஆளை வைப்பது, நம்பிக்கையான நண்பரை வைப்பது என்று பல கணக்குகள் ஒரே பட்டியலில் மோதும். விவசாயம், தொழிலாளர், முன்னாள் ராணுவத்தினர் நலன் போன்ற துறைகளில் சங்கங்களுக்குப் பிடித்த ஆள் வேண்டும். வெளியுறவு, பாதுகாப்பு, நிதி, நீதி நான்கிலும் அதிபர் தனக்கு வேண்டியவரைத் தேடுவார். அமைச்சரவை அறை மேசையிலும் இந்தப் படிநிலை தெரியும். அதிபருக்கு வலப்பக்கம் வெளியுறவு, இடப்பக்கம் பாதுகாப்பு. எதிரே துணை அதிபர், அவருக்கு இரு பக்கமும் நிதியும் நீதியும். மற்றவை துறை தோன்றிய வரிசையில்.

ஆனால் என் பார்வையில், முதல் பெயரைவிட இரண்டாம் வரிசைப் பெயர்கள்தான் ஆட்சியின் போக்கைத் தீர்மானிக்கின்றன. துணை அமைச்சர், சட்ட ஆலோசகர், உதவி அமைச்சர்கள். இவர்களை யார் தேர்ந்தெடுப்பது?

1960 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனத் தலைவராகிச் சில வாரங்களே ஆன ராபர்ட் மக்நமாராவுக்கு நிதி, பாதுகாப்பு இரண்டில் எது வேண்டும் என்றார்கள். பாதுகாப்பு, ஆனால் கீழே இருப்பவர்களை நானே எடுப்பேன் என்று நிபந்தனை போட்டார். கென்னடி ஒப்புக்கொண்டார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மகனைக் கடற்படைத் துறைக்கு வைக்கச் சொன்னபோது மக்நமாரா மறுத்தார், மறுப்பு நின்றது. 2017இல் வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் தனக்குத் துணை அமைச்சராக எலியட் ஆப்ராம்ஸைக் கேட்டார், டிரம்ப் மறுத்தார். 2018 மார்ச்சில் டில்லர்சன் ட்விட்டரில் வெளியேற்றப்பட்டார். துணையைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாத அமைச்சருக்குத் துறைக்குள் மதிப்பு எவ்வளவு இருந்திருக்கும்?

#9 மணல்மேடு

எதிர் உதாரணமும் இருக்கிறதே. கார்ட்டர் 1977இல் எல்லாரையும் அமைச்சர்களே எடுக்கட்டும் என்று விட்டார். என்ன நடந்தது?

#10 பழையஏடு

நல்ல உதாரணம், அதைத் தவிர்க்க முடியாது. கார்ட்டர் அமைச்சரவை வழியாக ஆள்வேன் என்று சொல்லி வந்தவர். வெள்ளை மாளிகையில் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் (ஊழியர்களின் தலைவர்) என்று ஒருவரையும் வைக்கவில்லை. இரண்டாம் வரிசை முழுக்க அமைச்சர்கள் கையில். அங்கே வந்தவர்கள் அமைச்சருக்கும் காங்கிரஸ் குழுக்களுக்கும் விசுவாசமாக இருந்தார்கள், அதிபரின் திட்டத்துக்கு இல்லை. 1979 ஜூலையில் எல்லாரிடமும் ராஜினாமாக் கடிதம் கேட்டார். கலிஃபானோ, புளூமென்தால், ஷ்லெசிங்கர், பெல், ஆடம்ஸ் என்று ஐந்து துறைத் தலைவர்கள் போனார்கள். ஹாமில்டன் ஜோர்டன் அப்போதுதான் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆனார். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கடிதம் வாங்கியதில் அரசே ஆட்டம் காண்கிறது என்ற எண்ணம் பரவியது. ஐந்து பேரைத் தனித்தனியாக அனுப்பியிருந்தால் இவ்வளவு சேதம் இராது.

ரீகன் ஆட்கள் இதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியமனப் பிரிவின் பென்டில்டன் ஜேம்ஸ் 1981இல் வெள்ளை மாளிகையின் மேற்குக் கட்டிடத்திலேயே உட்கார்ந்தார். இரண்டாம் வரிசைப் பெயர் ஒவ்வொன்றும் அவர் மேசை வழியாகத்தான் போனது. அமைச்சர் பெயர் சொல்லலாம், முடிவு வெள்ளை மாளிகையினுடையது. இன்றுவரை இரு கட்சி அதிபர்களும் ஏறக்குறைய இதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு துறையிலும் வெள்ளை மாளிகைத் தொடர்பாளர் என்று ஒருவர் இருப்பார். அமைச்சரின் மாடியிலேயே அறை, ஆனால் நியமனப் பிரிவோடு நேரடித் தொடர்பு.

மக்நமாராவுக்குக் கிடைத்த சுதந்திரம் கென்னடிக்கு அவர்மேல் இருந்த தனி நம்பிக்கையால் வந்தது. அதை எல்லாத் துறைக்கும் பொதுவிதியாக்கியதுதான் கார்ட்டரின் கோளாறு.

#11 நீலவானம்

லிங்கன் தன் போட்டியாளர்களையே அமைச்சராக்கினார் என்று எப்போதும் மேற்கோள் காட்டுகிறார்களே. அது இன்றைக்குச் சாத்தியமா?

#12 பழையஏடு

சீவர்ட், சேஸ், பேட்ஸ், கேமரூன் நால்வரும் 1860இல் வேட்பாளர் ஆக முயன்றவர்கள்தான். ஆனால் அந்த ஏற்பாடு நிம்மதியாக ஓடவில்லை என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1862 டிசம்பரில் நிதியமைச்சர் சேஸ், வெளியுறவு அமைச்சர் சீவர்டைப் பற்றி செனட்டர்களிடம் குறை சொல்லி வந்தார். செனட்டர்கள் சீவர்டை நீக்கச் சொல்லி வந்து நின்றார்கள். சீவர்ட் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். லிங்கன் செனட்டர்களையும், சீவர்ட் தவிர்ந்த அமைச்சர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். எல்லார் முன்னிலையிலும் சேஸால் பழைய குறையைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவரும் கடிதத்தோடு வந்தார். லிங்கன் இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஏற்கவில்லை. ஒரு அணி விழுந்தால் மறு அணியும் விழும் என்ற நிலை. 1864 ஜூனில், மறுமுறை வேட்பாளர் ஆகிவிட்ட பிறகு, சேஸின் அடுத்த ராஜினாமாவை உடனே ஏற்றார்.

இது நடக்க அதிபர் தானே ஒவ்வொருவரையும் நேரில் கையாள வேண்டும். ஏழு பேர் அமைச்சரவை, சிறிய அரசு. இன்று ஒரு போட்டியாளரை உள்ளே வைக்கலாம், 2009இல் கிளின்டன் மாதிரி. நான்கு பேரை வைத்தால் அதிபரின் முழு நாளும் அதற்கே போகும்.

#13 சித்திரைவெயில்

கூட்டங்களைப் பற்றி? தொலைக்காட்சியில் வருபவை வாழ்த்துரை மாதிரி இருக்கின்றன.

#14 பழையஏடு

கேமரா இருக்கும் கூட்டத்தில் எந்த அமைச்சரும் இன்னொரு அமைச்சரின் திட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்ல மாட்டார். கேமரா இல்லாவிட்டாலும் பெரும்பாலும் சொல்ல மாட்டார். விவசாய அமைச்சருக்குப் பாதுகாப்பு பட்ஜெட்டில் கருத்துச் சொல்ல என்ன அவசியம்? கென்னடி முழுக் கூட்டத்தை வீண் என்றே நினைத்தார். 1962 அக்டோபர் கியூபா நெருக்கடியில் அவர் வைத்துப் பேசியது எக்ஸ்காம் என்ற சிறு குழு. பெரும்பாலான அமைச்சர்கள் அதில் இல்லை.

முழுக் கூட்டத்துக்குப் பயன் கொடுத்தவர் ஐசன்ஹோவர். 1954இல் மேக்ஸ்வெல் ராபை அமைச்சரவைச் செயலாளராக வைத்தார், அந்தப் பதவிக்கு அவர்தான் முதல் ஆள். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே போகும், விவாதத்துக்குரிய அறிக்கை கூட்டத்துக்கு முன்பே எல்லாத் துறைக்கும் போகும். கூட்டம் முடிந்ததும் யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுத்தில் பதிவாகும், துறைகளில் இருந்த அமைச்சரவை உதவியாளர்களைக் கூப்பிட்டு ராப் அதை விளக்குவார். செய்து முடித்தார்களா என்று பின்னர் அறிக்கையும் எடுப்பார்கள். ராணுவத் தலைமையகத்தில் பழகிய மனிதரின் கை அதில் தெரியும். இவ்வளவு உழைப்பு இல்லாமல் கூட்டம் மட்டும் நடத்தினால் அது காட்சியாகத்தான் முடியும்.

ரீகன் நடுவழி பிடித்தார். 1981இல் பொருளாதாரம், வர்த்தகம், இயற்கை வளம் என்று ஐந்து அமைச்சரவைக் குழுக்கள், பின்பு ஏழு. சம்பந்தப்பட்ட ஐந்தாறு அமைச்சர்கள் மட்டும் கூடுவார்கள். ஏழு அதிகமாகி ஒன்றோடொன்று முட்டியதால் 1985இல் இரண்டாகச் சுருக்கினார்கள். வெளியுறவு, பாதுகாப்புப் பக்கத்தில் 1989இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கோகிராஃப்ட் அமைத்த அடுக்கு பெரிய மாற்றமில்லாமல் தொடர்கிறது: அமைச்சர்கள் குழு, அதற்குக் கீழே துணை அமைச்சர்கள் குழு, அதற்கும் கீழே துறை சார்ந்த குழுக்கள். துணை அமைச்சர்கள் குழுதான் இயந்திர அறை. முடியாததை மட்டும் மேலே தள்ளுவார்கள். அந்த நாற்காலி காலியாகவோ பொறுப்பு அதிகாரியிடமோ இருந்தால் எல்லாமே அதிபர் மேசைக்கு ஏறிவிடும்.

#15 அடிக்குறிப்பு

கூட்டம் பற்றி நிறையப் பேசியாயிற்று. அமைச்சரை உண்மையில் கட்டுப்படுத்துவது வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகமான ஓஎம்பி. மூன்று கயிறுகள் அதன் கையில்.

பணம்: துறை தன் கோரிக்கையை செப்டம்பரில் அனுப்பும். நவம்பர் கடைசியில் ஓஎம்பி வெட்டித் திருப்பி அனுப்பும். மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான். அனுபவமுள்ள அமைச்சர் எல்லாவற்றுக்கும் சண்டை போட மாட்டார். இரண்டு மூன்று இனங்களை மட்டும் எடுத்து, முதலில் இயக்குநரிடமும் கடைசியாக அதிபரிடமும் போவார். இருபது இனங்களோடு அதிபரிடம் போனவர் இருபதிலும் தோற்பது வழக்கம்.

பேச்சு: காங்கிரஸ் குழு முன் அமைச்சர் வாசிக்கும் சாட்சியமும் துறை அனுப்பும் மசோதா வரைவும் ஏ-19 சுற்றறிக்கைப்படி ஓஎம்பி ஒப்புதல் பெற்றே போக வேண்டும். வரைவை மற்ற துறைகளுக்கும் சுற்றுக்கு விடுவார்கள். நாளை காலை விசாரணை என்றால் இன்று நள்ளிரவிலும் திருத்தம் வந்துகொண்டிருக்கும்.

விதிகள்: 1981இல் ரீகன் தொடங்கி, 1993இல் கிளின்டன் 12866 ஆணையால் திருத்தி அமைத்த முறைப்படி, முக்கியமான விதிமுறைகள் ஓஎம்பியின் ஒரு பிரிவில் 90 நாள் வரை மதிப்பாய்வுக்குப் போகும். துறைக்குப் பிடிக்காத விதி அங்கே மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு.

இதோடு அமைச்சரவை விவகார அலுவலகம் ஒன்று வாராந்திர அறிக்கை வாங்கும். நல்ல அமைச்சர்கள் அதில் கெட்ட செய்தியை முதல் பத்தியில் வைப்பார்கள். 2024 ஜனவரி 1 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் மருத்துவமனையில் சேர்ந்தது வெள்ளை மாளிகைக்கு 4ஆம் தேதிதான் தெரிந்தது. யார் யாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்ற எளிய சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

#16 மணல்மேடு

காங்கிரஸையும் சேர்க்க வேண்டும். அமைச்சரின் அதிகாரம் அதிபரிடமிருந்து மட்டும் வருவதில்லை. சட்டங்கள் பெரும்பாலும் அமைச்சர் செய்ய வேண்டும் என்றே எழுதப்படுகின்றன, பணத்தையும் காங்கிரஸ் குழுதான் தருகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 88 குழுக்களுக்கும் துணைக்குழுக்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று 2004இல் செப்டம்பர் 11 விசாரணை ஆணையம் எழுதியது. 1973 அக்டோபர் 20இல் வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞரை நீக்கும் அதிகாரம் அட்டர்னி ஜெனரலிடம் இருந்ததால், நிக்சன் ரிச்சர்ட்சனிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மறுத்து விலகினார். துணையும் மறுத்துப் போனார். மூன்றாவது இடத்தில் இருந்த போர்க்தான் செய்தார். அதிபர் யாரையும் மாற்றலாம், ஆனால் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

#17 சித்திரைவெயில்

மிக்க நன்றி. ஜூலி சூ கேள்வி மட்டும் மிச்சம்.

#18 கோட்டைமதில்

பொறுப்பு அமைச்சர் விஷயம் 1998ஆம் ஆண்டின் காலியிடச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று வழிகளில் ஒருவர் பொறுப்பேற்கலாம். முதல் துணையாக இருப்பவர் தானாக வருவார். அல்லது செனட் ஒப்புதல் பெற்ற வேறு அதிகாரியை அதிபர் வைக்கலாம். அல்லது அதே துறையில் முந்தைய ஒரு வருடத்தில் 90 நாளாவது இருந்த மூத்த அதிகாரி. 2018 நவம்பரில் ஜெஃப் செஷன்ஸ் போனதும் அவருடைய அலுவலகத் தலைவர் விட்டேக்கர் அட்டர்னி ஜெனரல் பொறுப்புக்கு வந்தது மூன்றாம் வழியில். காலக்கெடு 210 நாள். புதிய அதிபர் பதவியேற்கும் கட்டத்துக் காலியிடம் என்றால் 300. பரிந்துரை செனட்டில் நிலுவையில் இருக்கும்வரை தொடரலாம்.

ஜூலி சூ இந்தச் சட்டத்தின்கீழ் இருக்கவில்லை. தொழிலாளர் துறைக்குத் தனியாக ஒரு பழைய சட்டம் உண்டு. அமைச்சர் இடம் காலியானால் அடுத்தவர் வரும்வரை துணை அமைச்சர் வேலையைப் பார்ப்பார் என்கிறது அது. கெடு இல்லை. துணை அமைச்சர் பதவிக்கு அவர் செனட் ஒப்புதல் பெற்றிருந்தார். காங்கிரஸின் தணிக்கை அலுவலகமும் 2023 செப்டம்பரில் இது செல்லும் என்றது.

தவறினால் விளைவு கடுமை. 2019 ஏப்ரலில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நீல்சன் போனபோது அடுத்து யார் என்ற வரிசை ஆணை சரியாகத் திருத்தப்படவில்லை. அதனால் மெக்கலீனன் வந்தது தவறு, அவர் போட்ட புதிய வரிசையில் வந்த சாட் வுல்ஃபும் தவறு என்று 2020 ஆகஸ்டில் தணிக்கை அலுவலகம் சொன்னது. சிறுவயதில் வந்த குடியேறிகளுக்கான பாதுகாப்பைக் குறுக்கிய வுல்ஃபின் ஆணை செல்லாது என்று நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் சொன்னதற்கு இதுதான் காரணம்.

செனட் விடுமுறையில் நியமிப்பதும் ஏறக்குறைய முடிந்த வழி. 10 நாளுக்குக் குறைந்த இடைவேளை பொதுவாகப் போதாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று நாளுக்கு ஒருமுறை பெயரளவுக்குக் கூடி செனட் அந்தக் கதவை மூடியே வைக்கிறது.

#19 நீலவானம்

அமைச்சரை நீக்கினால் ஒன்று, அவரே ராஜினாமா செய்தால் ஒன்று என்று வித்தியாசம் உண்டா?

#20 கோட்டைமதில்

நீக்கும் உரிமை அதிபருக்கு உண்டு என்பது 1926 மையர்ஸ் வழக்கோடு தெளிவாகிவிட்டது. ஆனால் 1998 சட்டம் இறந்தால், ராஜினாமா செய்தால், வேறு வகையில் இயலாமல் போனால் என்று மட்டுமே பேசுகிறது. நீக்கப்பட்ட இடத்துக்கு அதிபர் தனக்கு வேண்டிய பொறுப்பு ஆளை வைக்கலாமா என்பதில் வாதம் இருக்கிறது. அதனால்தான் வெள்ளை மாளிகைகள் கடிதம் வாங்கிக்கொள்ளவே பார்க்கின்றன. செஷன்ஸின் கடிதமும் உங்கள் வேண்டுகோளின்படி ராஜினாமா என்றே தொடங்கியது.

2018 மார்ச்சில் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் டேவிட் ஷுல்கின் விஷயத்தில் இது வெளிப்படையாக வெடித்தது. அவர் ராஜினாமா செய்தார் என்றது வெள்ளை மாளிகை, இல்லை என்றார் ஷுல்கின். துணை அமைச்சர் பௌமன் இருந்தும், பாதுகாப்புத் துறையிலிருந்து ராபர்ட் வில்கீயைக் கொண்டுவந்து பொறுப்பில் வைத்தார்கள். பின் மே மாதம் டிரம்ப் வில்கீயையே அமைச்சராக அறிவித்தார். பொறுப்பில் இருப்பவரே பரிந்துரைக்கப்பட்டால், குறிப்பிட்ட விதிவிலக்கு தவிர, பொறுப்பை விட வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே வில்கீ விலகி நின்றார். பீட்டர் ஓ'ரூர்க் பொறுப்பை ஏற்றார். ஜூலை 23 அன்று 86–9 என்று வில்கீக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அந்தத் துறைக்கு மறுபடியும் முழு அமைச்சர் வந்தார்.